களைக்கொல்லியைப் பிடிக்கும் அச்சு

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், நாகலூரைச் சுற்றியுள்ள சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் அமைந்துள்ளன. சரிவில் தெளிக்கும் மருந்து மழைநீரோடு ஓடைக்கு இறங்கும். இம்மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் வழியே செல்கிறது. ஆகவே, மலைநீரைக் காப்பது சமவெளி மக்களுக்கும் செய்யும் உதவியாகும்.

சிறிதளவே போதும்

காப்பித் தோட்டங்களில் கிளைபோசேட்டும், சமவெளியில் மக்காச்சோளத்திற்கும் கரும்பிற்கும் அட்ரசினும் களைக்கொல்லிகளாகப் பயன்பட்டு வருகின்றன. இவற்றுள் அட்ரசின் நீரில் நெடுநாள் தங்கவல்லது. இந்தியக் குடிநீர்த் தரப்படி, ஒரு லிட்டர் நீரில் அது 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது. அதாவது, 1 கிராம் அட்ரசினே 5 இலட்சம் லிட்டர் நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுபோய்விடும். நீரைக் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. வடிகட்டியில் இடும் கரி அதனைப் பிடிக்கும். ஆனால் வேறு பல பொருள்களையும் பிடித்து நிரம்பிவிடும்.

அச்சு அமையும் விதம்

ஈரக் களிமண்ணில் ஒரு சாவியைப் பதித்து எடுத்து மண்ணை உலர்த்தினால், அக்குழியில் அச்சாவியே சரியாகப் பொருந்தும். இம்முறையை விஞ்ஞானிகள் மூலக்கூறு அளவிலே செய்கின்றனர். பிளாஸ்டிக் ஆகக்கூடிய திரவத்தில் அட்ரசினைக் கலந்து இறுகச் செய்வர். பின்னர் அட்ரசினைக் கழுவி நீக்குவர். எஞ்சும் நுண்குழிகள் அட்ரசினையும் அதன் இனப் பொருள்களையும் தேர்ந்து பிடிக்கும். இதற்கு மூலக்கூறு அச்சுப் பலபடி என்று பெயர். 1972-இல் ஜெர்மனியின் குந்தர் வுல்ஃபும், பின்னர் சுவீடனின் கிளாஸ் மோஸ்பாக்கும் இத்துறைக்கு வழி வகுத்தனர். பிடித்த அட்ரசினிலிருந்து குளோரினை நீக்கி வேறு பொருளாக மாற்றும் பலபடிகளை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சோதனைச்சாலையில் ஆக்கியுள்ளனர்.

நாம் செய்யவேண்டுவன

இப்பொருள் இன்று பெரும்பாலும் சோதனைச்சாலைகளில், நீரிலுள்ள நுண்ணளவு மருந்தைத் திரட்டிக் கண்டறியவே உதவுகிறது. ஊர்க் கிணற்றைத் தூய்மை செய்யும் சாதனமாக அதனை எதிர்பார்த்திருத்தல் கூடாது. வருமுன் காப்பதே நம் கையில் உள்ளது.

1. தெளிப்பானைக் கிணற்றடியிலோ ஓடையிலோ கழுவலாகாது.

2. காலி டப்பாவை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பு மருந்திலேயே சேர்த்துவிடுக.

3. மழை வரும் அறிகுறி இருப்பின் தெளிக்க வேண்டா.

4. ஓடைக்கரையில் புல்வரிசையை அழியாது விடுக.

5. வழக்கமான குடிநீர்ச் சோதனையில் களைக்கொல்லி புலப்படாது. ஐயம் தோன்றின், அதனைத் தனியே சோதிக்குமாறு பஞ்சாயத்து கேட்டல் வேண்டும்.

களையை வெட்டக் கூலி செலவாகலாம். கெட்ட ஊற்றைச் சீராக்க அதனினும் மிகுதியாகச் செலவாகும். இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக.