சண்டையில் வெந்த கேக்

கேள்வி: இங்கிலாந்தில் ஈஸ்டருக்குச் செய்யும் 'சிம்னல் கேக்' ஒரு கிழவன்-கிழவி சண்டையில் பிறந்தது என்கிறார்களே, நிஜமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பொய்தான். ஆனால் ருசியான பொய். ஷ்ராப்ஷயர் பக்கத்துக் கதை அது. 1860-களில் ராபர்ட் சேம்பர்ஸ் தம் 'புக் ஆஃப் டேஸ்' தொகுப்பில் அச்சேற்றினார்.

சைமன் கிழவன், நெல்லி கிழவி. ஈஸ்டருக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். தவக்காலத்து மாவு மிச்சம் கிடக்கிறது. வீணாக்க மனசில்லாமல், "கேக் செய்யலாம்" என்றாள் கிழவி. "கிறிஸ்துமஸ் புட்டிங்கும் மிச்சம் இருக்கு, அதைப் பூரணமா வை" என்றான் கிழவன். ஒற்றுமை அதோடு சரி. வேகவைக்கணும் என்றான் அவன். சுடணும் என்றாள் இவள். முக்காலி அவன் தலையை நோக்கிப் பறந்தது. ஆளுக்கொரு விளக்குமாற்றைத் தூக்கினார்கள். ஓய்ந்தபின் சமரசம்: முதலில் வேகவைத்து, பிறகு சுடுவது! முக்காலியும் விளக்குமாறுகளும் விறகாயின. ரகளையில் உடைந்த முட்டையை மேலே பூச, கேக் பளபளத்தது. சைமனும் நெல்லியும் சேர்ந்து 'சிம்-நெல்'.

இந்தக் கதை சும்மா முளைக்கவில்லை. ஷ்ரூஸ்பரி நகரத்துச் சிம்னலை உண்மையிலேயே வேகவைத்து, முட்டை பூசி, அப்புறம் சுட்டார்கள். குங்குமப்பூ சேர்த்த மேலோடு கல்லாக இருக்கும். பரிசாக வந்த சிம்னலைக் கால் வைக்கும் மணை என்று ஒரு சீமாட்டி நினைத்துவிட்டதாகவும் சேம்பர்ஸ் சொல்கிறார். இப்படி ஒரு விநோதச் செய்முறைக்குக் காரணம் கேட்டால், யாராவது ஒரு கதை கட்டத்தானே வேண்டும்?

லாம்பர்ட் சிம்னல் என்பவன் கண்டுபிடித்தான் என்றும் ஒரு கதை உண்டு. 1487-ல் டப்ளினில் அரசன் என்று முடிசூட்டப்பட்டு, போரில் தோற்று, ஏழாம் ஹென்றியின் சமையற்கட்டில் வேலைக்குப் போன சிறுவன் அவன். அடுப்படியில் இருந்தவன் என்பதால் கேக்கையும் அவன் தலையில் கட்டிவிட்டார்கள். ஆனால் 13-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ரொட்டிச் சட்டத்திலேயே சிம்னல் ரொட்டி இருக்கிறது. நைசான மாவைக் குறிக்கும் 'சிமிலா' என்ற லத்தீன் சொல்லே அதன் மூலம்.

இன்றைய சிம்னலில் சண்டை இல்லை. உலர்பழக் கேக், மேலே அரைத்த பாதாமும் சர்க்கரையும் சேர்த்த மார்சிபான். அதன்மேல் 11 உருண்டைகள் – யூதாஸ் நீங்கலாக இயேசுவின் சீடர்கள்.

உங்கள் ஊர்ப் பலகாரத்துக்கும் இப்படி ஒரு புளுகு இருந்தால் எழுதி அனுப்புங்கள். செய்முறையும் சேர்த்து!