எண்ணுவது இயந்திரமானாலும் சூது சூதுதான்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் கோவையில் ரேஸ்கோர்ஸ் என்றால் இன்று நடைப்பயிற்சிதான் நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் காலத்தில் அங்கே குதிரைகள் ஓடின. பெயர் மட்டும் தங்கிவிட்டது. மலைக்கு மேலே ஊட்டியில் கோடைதோறும் பந்தயம் நடந்துவந்தது. அந்த மைதானத்தையும் 2024 ஜூனில் அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது.

மைதானம் போனாலும் ஒரு கேள்வி போகவில்லை. "ஹஜ்ரத், நான் புக்கியிடம் கட்டவில்லை, டோட்டில்தான் கட்டினேன். இயந்திரம் கணக்குப் போடுகிறது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இது எப்படி ஹராமாகும்?"

டோட் என்ன செய்கிறது என்று பாருங்கள். 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஜார்ஜ் ஜூலியஸ் என்பவரின் இயந்திரம் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தது. இன்று அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. எல்லோரும் கட்டிய பணம் ஒரே இடத்தில் சேர்கிறது. கிளப்பின் பங்கும் வரியும் கழிகின்றன. மிச்சம் ஜெயித்தவர்களுக்குப் பிரிகிறது. உதாரணத்துக்கு, சேர்ந்தது ஒரு லட்சம், கழிவது இருபதாயிரம் என்றால் திரும்புவது எண்பதாயிரம்தான். ஜெயித்தவர் கையில் வரும் லாபம் தோற்றவர் கட்டிய பணம். அது திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒருவர் வாங்கிய வாரச் சம்பளமாகவும் இருக்கலாம்.

கணக்கு நேர்மையானதுதான். ஆனால் எதைக் கணக்கிடுகிறது? மார்க்கம் 'மைஸிர்' என்று தடுத்ததைத்தான். அல்மாயிதா அத்தியாயம் 90, 91 வசனங்களில் அல்லாஹ் மதுவோடு சேர்த்துச் சூதாட்டத்தையும் ஷைத்தானின் அசுத்தச் செயல் என்கிறான். பகையை மூட்டும், தொழுகையை மறக்கடிக்கும் என்று காரணமும் சொல்கிறான். டோட்டில் தோற்றவர் முகம் தெரிவதில்லை. அதனால்தான் நம் மனமும் உறுத்துவதில்லை.

"குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூது அல்ல என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே" என்பீர்கள். அது நாட்டுச் சட்டத்தின் விளக்கம். குதிரையும் ஜாக்கியும் காட்டும் திறமை, பார்வையாளர் வைக்கும் பணத்தை ஹலாலாக்கிவிடாது.

குதிரை ஓட்டத்தை இஸ்லாம் வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் போட்டி நடத்தினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டதாகப் புகாரியில் வருகிறது. ஓட்டியவருக்கு மூன்றாமவர் பரிசு கொடுப்பது வேறு. வேடிக்கை பார்ப்பவர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் பறிக்கக் காத்திருப்பது வேறு.

சகோதரரே, இன்று மைதானம் உங்கள் சட்டைப் பையில், செல்போனில் இருக்கிறது. இன்றே அந்தச் செயலியை அழித்துவிடுங்கள். ஜெயித்த பணம் கையில் இருந்தால் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளிடம் சேர்த்துவிடுங்கள். தோற்றுக் கடன்பட்டிருந்தால் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். விட்டதைப் பிடிக்க இன்னொரு முறை கட்டுவதுதான் குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவருகிறது. தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது.

நம் பிள்ளைகளின் தட்டில் ஹலாலான உணவு மட்டுமே விழ அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.