கிவிப் பறவை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நியூஸிலாந்துக் காடுகளில் பகலெல்லாம் வளைக்குள் உறங்கி, இருட்டிய பிறகே இரை தேடப் புறப்படும் கிவி என்னும் பக்ஷியைப் பற்றி வழங்கிவரும் அபிப்பிராயங்களில் பல, அது சிருஷ்டியில் அரைகுறையாக நின்றுவிட்ட பரிதாபத்துக்குரிய ஜீவன் என்ற எண்ணத்தில் வேரூன்றியவை.

அதற்குச் சிறகே கிடையாது என்பார்கள். சிறகு உண்டு, நுனியில் ஒரு நகத்தோடு, உரோமம் போன்ற இறகுகளுக்கு அடியில் ஒடுங்கிக் கிடப்பதால் காண்பவர் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை, அவ்வளவுதான். வால்தான் உண்மையிலேயே இல்லை.

இராக்காலத்தில் சஞ்சரிப்பதால் ஆந்தையைப் போலக் கூரிய பார்வை படைத்தது என்று கொள்வதும் பிழையே. கிவியின் கண்கள் சிறியவை. மூளையில் பார்வைக்குரிய பாகமும் சுருங்கியது. வேறெந்தப் பறவைக்கும் இல்லாதபடி நீண்ட அலகின் நுனியிலேயே நாசித் துவாரங்கள் அமைந்திருக்க, அவற்றை அடுத்துள்ள நுண்ணிய குழிகள் மண்ணுக்குள் நெளியும் புழுவின் அசைவையும் உணர்ந்துவிட, இருளில் முகர்ந்தும் தொட்டும் வயிறு வளர்க்கும் பிராணிக்குக் கண்ணால் ஆகவேண்டிய காரியம்தான் என்ன?

பண்டிதர்களையும் நெடுங்காலம் மயக்கிய நம்பிக்கை ஒன்று உண்டு. பெண் கிவி இடும் முட்டை, அதன் சரீர எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கக்கூடியது. இந்த விநோதத்துக்குச் சமாதானம் தேடியவர்கள், அதே தீவுகளில் வாழ்ந்து மனிதர் வேட்டையால் அழிந்துபோன மோவா என்ற ராட்சதப் பறவையை நினைத்து, அதன் சுற்றத்தைச் சேர்ந்த பெரும்பறவை ஒன்றின் உடல் காலகதியில் குறுகிக் கிவியாயிற்று என்றும், முட்டை மாத்திரம் பழைய அளவை விடாமல் நின்றுவிட்டது என்றும் கூறினார்கள். கேட்பதற்கு அழகான விளக்கம். ஆனால் எலும்புகள் வேறு சாட்சி சொல்கின்றன. நியூஸிலாந்தில் கிடைத்து 2013-இல் விவரிக்கப்பட்ட, கோடியாண்டுகளுக்கும் முற்பட்ட புராதனக் கிவியின் எலும்புகள், இன்றைய கிவிகளைவிடச் சிறிய பறவையுடையவை. 2014-இல் வெளியான மரபணு ஆராய்ச்சியோ, கிவிக்கு மிக நெருங்கிய பந்து மோவா அன்று, கடலுக்கப்பால் மடகாஸ்கரில் வாழ்ந்து மறைந்த யானைப்பறவையே என்று காட்டி, மூதாதை நியூஸிலாந்துக்குப் பறந்தே வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு இடந்தந்தது. அப்படியானால் அத்தனை பெரிய முட்டை எதற்கு? அதில் ஏறத்தாழ 65 சதவீதம் மஞ்சட்கரு. பெற்றோர் இரையூட்டாத குஞ்சு, முதல் சில நாட்கள் வயிற்றில் எஞ்சிய அந்தக் கருவையே உண்டு பிழைக்கிறது. தாய் முன்கூட்டியே செலுத்திவிட்ட சீதனம் என்று இதைச் சொல்லலாம்.

ஆண்தான் அடைகாக்கும் என்பது பழுப்புக் கிவியைப் பொறுத்தவரை மெய். ஸ்டூவர்ட் தீவுக் கிவிகளிலோ குடும்பமே முறைவைத்துக் காக்கிறது.

சாதுவான பறவை என்ற கியாதியும் தகாது. தன் எல்லைக்குள் நுழையும் பிற கிவியை உதைத்து விரட்டும் ரௌத்திரம் அதற்கு உண்டு. ஆயினும் அந்த வீரம் நாயிடம் பலிப்பதில்லை. "என் நாய் நல்ல நாய், கிவியைத் தீண்டாது" என்று அந்நாட்டில் நாய் வளர்ப்போர் சிலர் நம்புவதுதான் எல்லாவற்றிலும் அபாயகரமான நம்பிக்கை. 1987-இல் வைடாங்கிக் காட்டில் திரிந்த ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு நாய், ஆராய்ச்சிக்காக ஒலிபரப்புக் கருவி பொருத்தப்பட்டிருந்த 24 கிவிகளில் 13-ஐக் கொன்றது. அதைக் கொண்டு கணக்கிட்டதில், அங்கிருந்த சுமார் 900 பறவைகளில் 500 வரை மாண்டிருக்கும் என்று தெரிந்தது. அந்த நாய் கொடியதாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பறக்கும் பறவைகளுக்குச் சிறகுத் தசைகளைத் தாங்க நெஞ்செலும்பில் உறுதியான மேடு ஒன்று உண்டு. பறப்பதை விட்டுவிட்ட கிவிக்கு அது கிடையாது. ஆகவே நாய் விளையாட்டாகக் கவ்வினாலும் அதன் மார்பு நொறுங்கிவிடும்.