இணைப்பு எழுதும் முறை

பழைய உரையாசிரியர் காட்டிய மேற்கோள் எந்நூலில் உள்ளதெனத் தேடிக் குறித்தல் பதிப்பாசிரியர்க்குப் பெரும்பணியாய் இருந்தது. இன்று கணினித் திரையில் வாசிப்போர்க்கோ, அடிக்கோடிட்ட சொல்லொன்றை அழுத்தியவுடனே சான்றாகிய பக்கம் கண்முன் தோன்றுகின்றது. இவ்விணைப்பை எழுதும் மொழி எச்.ரி.எம்.எல். எனப்படும். ஜெனீவா நகரையடுத்த சேர்ன் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பார், ஆய்வாளர்தம் ஏடுகளை ஒன்றோடொன்று தொடுக்கக் கருதி, 1989 ஆம் ஆண்டில் இதற்கு அடிப்படையான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அதனை யாவரும் விலையின்றிக் கையாளுமாறு உலகிற்கு வழங்கியது.

எழுதும் முறை வருமாறு: முதற்கண் இடக் கோணவடைப்பை இட்டு, 'ஏ' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தை எழுதுக. நங்கூரம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. ஓரிடம் விட்டு, 'எச், ஆர், ஈ, எவ்' என்னும் நான்கெழுத்துக்களையும் சேர்த்தெழுதுக. அடுத்துச் சமக்குறி இட்டு, இரட்டை மேற்கோட்குறிகளின் நடுவே பக்கத்தின் முழு முகவரியை எழுதி, வலக் கோணவடைப்பால் மூடுக. இது தொடக்கக் குறி. பின்னர் வாசகர் காணவேண்டிய சொற்களை எழுதுக. ஈற்றில் இடக் கோணவடைப்பு, சாய்கோடு, மீண்டும் 'ஏ', வலக் கோணவடைப்பு என்பவற்றை இடைவெளியின்றி இடுக. இது முடிவுக் குறி.

தொடக்கநிலை மாணவரிடத்து யாம் பெரிதுங் கண்ட வழுக்கள் மூன்று. முடிவுக் குறியை மறத்தல் ஒன்று. அதனால் பின்வரும் வாக்கியங்களும் இணைப்பாகிவிடும். நேரான மேற்கோட்குறிக்குப் பதிலாகச் சுருண்ட குறியை இடுதல் இரண்டாவது. அக்குறியும் முகவரியின் பகுதியாகக் கொள்ளப்பட, இணைப்புப் பிழைபடும். முகவரியின் முன்னுள்ள 'எச்.ரி.ரி.பி.எஸ்.' என்னும் பகுதியை விடுதல் மூன்றாவது. அப்பொழுது உலாவி அப்பக்கத்தை நமது தளத்துக்குள்ளேயே தேடும்.

இவற்றினும் பெரிய வழுவொன்றுண்டு. அஃது 'இங்கே அழுத்துக' என்று மாத்திரம் எழுதி இணைப்பிடுதலாம். கட்புலனற்றோர் திரையிலுள்ளதை ஒலியாக வாசிக்கும் செய்நிரலைத் துணைக்கொள்வர். பக்கம் முழுவதையுங் கேளாது, இணைப்புச் சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் செல்லுதல் அவரிடையே வழக்கம். பத்திடத்தில் 'இங்கே' என்று கேட்பவர் எங்கே செல்வார்? ஆதலின், செல்லுமிடத்தின் பெயரே இணைப்புச் சொல்லாக அமைதல் வேண்டும்.

தாம் வாசியாத பக்கத்துக்கு இணைப்பிடுதல், காணாத நூலை மேற்கோள் காட்டுதலையொத்த குற்றமாம். 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் மலர்களும் பெருந்தொகையாகப் பேணப்படுகின்றன. மாணவர்காள்! அங்குள்ள பழைய மலரொன்றை வாசித்து, அதற்கு இணைப்பொன்று எழுதி, உரிய இடத்துக்குச் செல்கின்றதா என நீவிரே அழுத்திப் பார்ப்பீராக. அதுவே இப்பாடத்துக்குத் தக்க பயிற்சியாகும்.