தரவுப் பட்டறை

நுழையும்முன்

நுண்ணோக்கியும் குறிப்பேடும் நெடுங்காலம் உயிரியலாளரின் முதன்மைக் கருவிகளாக விளங்கின. இன்று கணினியும் புள்ளியியலும் அவற்றோடு சேர்ந்துள்ளன. இப்புதிய கருவிகளைக் கையாள உயிரியல் மாணவர்கள் பயிலரங்குகளின் வழியே எவ்வாறு பழகுகின்றனர் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெருகிய தரவுகள்

மனித மரபணுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி கார இணைகளால் ஆனது. அதன் வரிசையை அறியும் பன்னாட்டுத் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் நிறைவெய்தியது. அன்று பல ஆண்டுகள் நடைபெற்ற பணியை இக்காலக் கருவிகள் சில நாள்களில் முடித்துவிடுகின்றன. ஆயினும், கருவி தருவது எழுத்துகளின் குவியலே. அதனுள் பொருளைக் காண்பது மனிதரின் பணியாகும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

விரிதாள் மென்பொருளான எக்செல்லில் ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்னும் மரபணுப் பெயர்களை ஆங்கிலத்தில் உள்ளிட்டால், அவை தேதிகளாக மாறிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்திருந்த ஆய்வுக்கட்டுரைகளை 2016இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பெயர்ப்பிழைகள் காணப்பட்டன. இறுதியில், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அப்பெயர்களையே மாற்ற நேர்ந்தது. ‘மார்ச்1’ என்பது ‘மார்ச்எஃப்1’ ஆயிற்று; ‘செப்ட்2’ என்பது ‘செப்டின்2’ ஆயிற்று.

புள்ளியியல் அறியாமையால் விளையும் பிழை இதனினும் பெரிது. நோயுற்றோரிடமும் நலமுடையோரிடமும் 20,000 மரபணுக்களின் செயற்பாட்டை ஒப்பிடுவதாகக் கொள்வோம். உண்மையில் எவ்வித வேறுபாடும் இல்லாவிடினும், வழக்கமான 5 விழுக்காட்டு அளவுகோலின்படி ஏறத்தாழ 1,000 மரபணுக்கள் வேறுபடுவனபோல் தோன்றும். தற்செயலை நோயின் காரணமெனக் கொண்டால், அதன்மேல் எழும் ஆய்வுகள் யாவும் வீணாகும்.

செய்து கற்றல்

இக்குறையைப் போக்கத் தோன்றிய முயற்சிகளுள் ஒன்று ‘சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி’. கிரெக் வில்சன், பிரென்ட் கோர்டா ஆகிய இருவரும் 1998இல் அமெரிக்காவில் இதனைத் தொடங்கினர். கார்பென்ட்ரி என்பதற்குத் தச்சுவேலை என்பது பொருள். தச்சுத்தொழிலைப் போலவே நிரலெழுதுதலும் கைப்பழக்கத்தால் வருவது என்பதை இப்பெயர் நினைவூட்டுகிறது. தரவுகளைக் கையாளக் கற்பிக்கும் ‘டேட்டா கார்பென்ட்ரி’ 2014இல் உருவாயிற்று.

இப்பயிலரங்குகள் பொதுவாக இரண்டு நாள்கள் நடைபெறும். பயிற்றுநர் ஒவ்வொரு கட்டளையையும் மாணவர் கண்முன்னே தட்டச்சு செய்வார். மாணவரும் தத்தம் கணினியில் உடன் செய்வர். பயிற்றுநர் தவறிழைத்தால், அதனைத் திருத்தும் முறையும் பாடமாகிவிடும். மாணவரிடம் இரு வண்ண ஒட்டுத்தாள்கள் இருக்கும். பணி முடிந்ததை ஒன்று உணர்த்தும். உதவி தேவை என்பதை மற்றொன்று உணர்த்தும். கேட்கக் கூச்சப்படுபவரும் இதனால் பின்தங்குவதில்லை. சூழலியல் மாணவர்களுக்கு, அரிசோனா மாநிலத்தின் போர்ட்டல் பகுதியில் 1977 முதல் திரட்டப்பட்டுவரும் கொறித்துண்ணிகள் பற்றிய உண்மைத் தரவுகளே பயிற்சிப் பொருளாகின்றன.

தொடர்பயிற்சியின் தேவை

இரண்டு நாள்களில் ஒருவர் தேர்ச்சி பெற இயலுமா? உயிரறிவியல் முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு, குறுகிய காலப் பயிற்சிகளால் அவர்களின் ஆய்வுத்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் விளையவில்லை எனத் தெரிவித்தது. பயிலரங்கு அச்சத்தை நீக்கி வாயிலைத் திறக்கலாம்; உள்ளே நடத்தற்குரிய பாதை தொடர்பயிற்சியே ஆகும். கற்ற கட்டளைகளைத் தம் சொந்தத் தரவுகளில் வாரந்தோறும் பயன்படுத்துவோரிடமே அத்திறன் நிலைபெறும். கணினி தந்த விடை என்பதற்காக ஏற்காமல், ‘இது தற்செயலாக இருக்குமோ?’ என்று வினவும் பழக்கமே அப்பயிற்சியின் பயனாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்திலுள்ள ஒரு மரத்தின் இலைகளுள் 30ஐ அளந்து, அட்டவணைப்படுத்திச் சராசரி காண்க. வேறு 30 இலைகளின் சராசரி ஏன் மாறுபடுகிறது என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

2. ‘கருவி விடை தரும், ஐயம் மனிதரே கொள்ள வேண்டும்’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.