முதலில் கழற்றப் பழகுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

திருப்பூரில் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டு ஒன்றரை வருடமாக ஜெல் பாலிஷும் டிப் எக்ஸ்டென்ஷனும் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாரம் மூன்று நாள் அக்ரிலிக் வகுப்பு இருக்கிறது, வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னால் கற்றுக்கொண்டால் கல்யாணப் பெண்கள் கிடைப்பார்கள், சேரட்டுமா என்று கேட்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: “சிலருக்கு மட்டும் பத்து நாளில் ஓரம் தூக்கிக்கொள்கிறது.” என்னை நிறுத்திவைத்தது அந்த வரிதான்.

அடுத்த வாரம் சேர வேண்டாம். அக்ரிலிக் மோசம் என்பதால் அல்ல. அந்தப் பத்தாம் நாள் ஓரம் உங்களோடு அக்ரிலிக்குக்கும் வரும் என்பதால்.

தூக்கிய இடத்தைப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். அடிப்பக்கம் தூக்கினால், நகத்தட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக் கிடக்கும் க்யூட்டிகிள் தோலை முழுதாக எடுக்கவில்லை, இல்லையென்றால் ஜெல் வழிந்து தோலைத் தொட்டிருக்கிறது. நுனியில் தூக்கினால், விளிம்பைச் சுற்றி மூடாமல் விட்டிருக்கிறீர்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அவர் கைகளுக்கு என்ன வேலை என்று கேளுங்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் புழங்கும் கையும் கம்ப்யூட்டர் தட்டும் கையும் ஒன்றல்ல. எல்லோருக்கும் வந்தால் லேம்பைச் சந்தேகப்படுங்கள். மேலே கெட்டியாகத் தெரியும் ஜெல் அடியில் வேகாமல் இருக்கலாம். அந்த ஜெல்லுக்கென்று அந்தக் கம்பெனி சொல்லும் லேம்ப் இல்லையென்றால் இது நடக்கும்.

வேகாத ஜெல்லை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அதில் இருக்கக்கூடிய, ஹெமா என்று சுருக்கிச் சொல்லும் ஹைட்ராக்ஸி எத்தில் மெத்தாக்ரிலேட் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் அது ஆயுளுக்கும் போவதில்லை. பல் மருத்துவர் பயன்படுத்தும் சில பொருள்கள்கூட ஒவ்வாமை வந்தவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடும். 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா கலந்த நகப் பொருள்களைத் தொழில் செய்பவர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஜெல்லை இறுகவைக்கும் டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அழகுசாதனங்களில் தடையே செய்துவிட்டார்கள். உங்கள் மேஜையில் இருக்கும் பாட்டில்களின் லேபிளை இன்று ராத்திரி எடுத்துப் படியுங்கள். நாள் முழுக்க அந்தப் பாட்டில்களில் இருப்பதைத் தொடுவது உங்கள் விரல்கள்.

நானும் உங்களைப் போல அவசரப்பட்டவள். ஆனி கடைசியில் அக்ரிலிக் கற்றுக்கொண்டு ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் போட்டேன். பயிற்சி நடந்தது ஏ.சி. ஹாலில். என் அறையிலோ புழுக்கம், தலைக்கு மேல் ஃபேன். அக்ரிலிக் லேம்ப் இல்லாமல் தானாக இறுகுவது, சூட்டில் இன்னும் வேகமாக இறுகும். பிரஷ்ஷில் எடுத்த உருண்டையைப் பரத்துவதற்குள் கட்டியாகிவிட்டது. அதை ராவி ராவிச் சரி செய்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முகூர்த்தத்தன்று காலையில், தூக்கியிருந்த ஓரம் புடவையின் ஜரிகையில் மாட்டி இழுத்தது. அக்ரிலிக்கோடு நகத்தின் மேல் அடுக்கும் உரிந்து வந்துவிட்டது. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. கட்டைவிரலை மடக்கி மறைத்துக்கொண்டு மணவறையில் உட்கார்ந்திருந்தாள். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழு நகம் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். பொங்கல் தாண்டியும் அவளுக்கு அந்த நகம் முழுதாகச் சரியாகியிருக்காது.

அதனால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாமல் இன்றே கற்றுக்கொள்ளுங்கள்: கழற்றுவது. மேல் பளபளப்பை ராவிவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றி, ஜெல்லோ அக்ரிலிக்கோ தானாக இளகும்வரை பொறுத்திருப்பது. நெம்பி எடுக்கக் கூடாது. நன்றாகக் கழற்றத் தெரிந்தவருக்குத்தான் எதையும் போட உரிமை உண்டு என்பது என் கட்சி. வேறொரு கடையில் போட்டதைக் கழற்றிக்கொள்ள உங்களிடம் வருபவர்கள்தான் நாளைக்கு உங்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள்.

இன்னொன்று, ஒரு நோட்டு வாங்கி நீங்கள் ‘இல்லை’ என்று சொன்னதையெல்லாம் அதில் எழுதுங்கள். யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள். இரண்டு மாத நோட்டில் அக்ரிலிக் என்று கேட்டவர் ஒருவர், உடையாத குட்டை நகம் வேண்டும் என்று கேட்டவர் பன்னிரண்டு பேர் என்றால், நீங்கள் கற்க வேண்டியது பில்டர் ஜெல் ஓவர்லே. இன்ஸ்டாகிராம் ரீல் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த ரீலைப் போட்டவர் திருப்பூரில் கடை நடத்தவில்லை.

நோட்டும் அக்ரிலிக் என்றே சொல்கிறதா? அப்படியானால் ஆடி பிறந்ததும் சேருங்கள். கல்யாணம் இல்லாத மாதம், மேஜை காலியாக இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். போட்ட நகம் நிற்கிறதா என்று தெரிய மூன்று வாரம் வேண்டும். வகுப்பு மூன்று நாளில் முடிந்தாலும் ஆடி முழுக்க உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பரீட்சைதான். எனவே ஆவணியில் கல்யாணப் பெண்களுக்குப் பழைய வேலையையே செய்யுங்கள். அக்கா, நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண் என்று அக்ரிலிக்கை அவர்கள் கைகளில் தொடருங்கள். ஐப்பசிக்குள் நான்கு சுற்று வந்துவிடும். அதற்குப் பிறகு காசு வாங்குங்கள்.

சேருமுன் பயிற்சியாளரிடம் கேளுங்கள்: திரவம் எத்தில் மெத்தாக்ரிலேட்டா, மெத்தில் மெத்தாக்ரிலேட்டா? இரண்டாவது விலை குறைவு. ஆனால் பாறை மாதிரி இறுகும், அசிட்டோனில் எளிதில் இளகாது. எங்காவது இடித்தால் அது உடையாமல் நகத்தைப் பிய்த்துவிடும். முழுக்க அதனால் ஆன திரவங்களை 1970-களிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சந்தையிலிருந்து அகற்ற நடவடிக்கை எடுத்தது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இந்த வாரம் வருகிற கைகளை, நகம் போட்ட அன்று ஒரு படம், இருபத்தோராம் நாள் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த ஓரம் தூக்கியிருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா