குணமான பின்னும் விழிப்பு வேண்டும்

ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி நோய் குருதி வழியே பரவுவது. ஒரே ஊசியால் பலர் போதை மருந்து ஏற்றிக்கொள்ளுமிடத்தில் அது எளிதில் தொற்றுகிறது. மாத்திரைகளை 12 வாரம் ஒழுங்காக உண்டால் நூற்றுக்கு 95 பேர் குணமடைகின்றனர். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இச்சிகிச்சை இலவசம்.

ஆனால், தட்டம்மையைப் போல் இது மறுமுறை வாராது என நாம் எண்ணலாகாது. குணமானவர் பிறர் ஊசியையோ, மருந்து கரைத்த கரண்டியையோ மீண்டும் பயன்படுத்தினால் நோய் திரும்பவும் தொற்றும். தடுப்பூசியும் இல்லை. முதற்சோதனை பழைய தொற்றின் அடையாளத்தையே காட்டக்கூடும், ஆர்.என்.ஏ. சோதனையே உண்மையை உணர்த்தும்.

மறுமுறை தொற்றினும் சிகிச்சை பலன் தரும். ஆகவே அவரை இகழ்ந்து ஒதுக்காது, தூய ஊசிக்கும், மறுசோதனைக்கும், போதையினின்று மீளவும் வழிகாட்டுதல் பஞ்சாயத்து உறுப்பினராகிய நம் கடமையன்றோ?